புரோகிராமிங் தெரியாத பெரியவர் ஒருவர்

தொலைபேசி அடித்தபோது சுகிர்தன் வின்ஸ்டன் ஹில்ஸில் ஒரு வீட்டுக் குளியலறைத் தரையில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் டைல் பசை. சுண்டுவிரலை மட்டும் காற்சட்டையில் துடைத்து, திரையைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

“அப்பா, பிஸியோ?” மகள் மயூராவின் குரல்.

“இல்லைப் பிள்ளை. சொல்லுங்கோ.”

“உங்களுக்குப் புரோகிராமிங் தெரியுமோ?”

“எனக்கோ? எனக்கெங்க தெரியும்.”

“கொஞ்சம்கூடத் தெரியாதோ? ஷுவரோ?”

“ஒரு சொட்டும் தெரியாது.”

“சூப்பர்,” என்றாள் மயூரா. எங்கேயோ ஒரு பட்டியலில் சரி அடையாளம் போடுகிற சத்தம் கேட்டது. “அப்ப நீங்கள்தான் என்ர டெஸ்டர். அம்மா சரிவரமாட்டா. முதல் கேமை ரெண்டு நிமிஷத்தில முடிச்சிட்டா.”

மயூரா ஆறாம் வகுப்பு. பள்ளியில் ஒரு ஒப்படை கொடுத்திருந்தார்கள். தர்க்கத்தையும் புரோகிராமிங்கையும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் புதிர் வீடியோ கேம்கள் மூன்றை எடுத்து ஒப்பிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று சொல்லவேண்டும். ஒவ்வொரு கேமையும் இரண்டு பேர் விளையாட, பக்கத்திலிருந்து பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். ஒருவர் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை. அதற்குப் பக்கத்து வீட்டுக் கேத்ரின் சம்மதித்துவிட்டாள். மற்றவர், புரோகிராமிங் தெரியாத பெரியவர்.

“நான் உங்களுக்கு ஹெல்ப் பண்ண ஏலாது,” என்றாள் மயூரா. “பார்க்கலாம், எழுதலாம். அவ்வளவுதான். அது ரூல்.”

“சரி டீச்சர்,” என்றான் சுகிர்தன். அவள் சிரித்தாள்.

மயூரா தாய் தர்ஷனாவோடு மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் இருந்தாள். சுகிர்தன் சிட்னியில், நார்த்மீடில், கதிர்காமநாதன் அங்கிள் வீட்டுப் பின்வளவில் கட்டியிருந்த ஒற்றை அறை வீட்டில் இருந்தான். அங்கே வந்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. இரண்டு மாத வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். இரண்டு மாதம் ஆறு மாதமானது. பிறகு யாரும் மாதத்தை எண்ணவில்லை. தர்ஷனாவும் அவனும் சண்டை பிடித்தவர்கள் இல்லை. பிரிவு என்ற சொல்லை இருவரில் ஒருவரும் வாயால் சொன்னதுமில்லை. பள்ளி விடுமுறை வந்தால் மயூரா விமானத்தில் வருவாள். மற்றபடி கணவனும் மனைவியும் தொலைபேசித் திரையில் எழுதிக்கொள்வதோடு சரி. ‘பல் டாக்டர் வியாழன் நாலு மணி.’ ‘ஓகே.’ ‘ஸ்கூல் போட்டோ வந்திருக்கு, அனுப்பட்டோ?’ ‘அனுப்பும்.’

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் கேம். சுகிர்தன் தலைவாரி, நல்ல சேர்ட் ஒன்று போட்டுக்கொண்டு டேப்லெட்டின் முன்னால் உட்கார்ந்தான். மறுபக்கத்தில் மயூரா குசினி மேசையில் கொப்பியைத் திறந்து வைத்திருந்தாள்.

ஒரு சிறிய படகு. அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னே போ, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, விளக்கேற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணக் கட்டை. கட்டைகளை வரிசையாக அடுக்கி ஓட்டு என்றால், படகு அந்த வரிசைப்படியே போகும். வரிசை பிழைத்தால் படகு பாறையில் முட்டும். மூலையில் ஒரு ஆந்தை உட்கார்ந்திருந்தது. படகு முட்டும் ஒவ்வொரு தடவையும் அது சிறகை அடித்து, “கிரேட் ட்ரை!” என்றது.

நான்காவது தடவை முட்டியபோது சுகிர்தன் சொன்னான், “இது என்னை நக்கலடிக்குதோ?”

மயூரா அதை அப்படியே எழுதினாள்.

இன்னும் இரண்டு தரம் முட்டியதும் ஆந்தை பறந்து வந்து, வைக்கவேண்டிய கட்டையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எடுத்து வைத்தான். சரியாகிவிட்டது. அதன்பிறகு அவன் யோசிக்கவில்லை. ஆந்தை எங்கே உட்காருகிறது என்று பார்த்தான். நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு கட்டங்களும் முடிந்தன. வாணவேடிக்கை வந்தது.

“இந்த கேமில என்ன படிச்சனீங்கள்?” என்று கேட்டாள் மயூரா, கொப்பியைப் பார்த்தபடி. அது டீச்சர் கொடுத்த கேள்வி.

சுகிர்தன் யோசித்தான். “ஆந்தை சொன்னதைச் செய்தனான்,” என்றான்.

“கேத்ரினும் அதைத்தான் சொன்னவ,” என்றாள் மயூரா. எட்டு வயதுப் பிள்ளை சொன்னதையே தானும் சொன்னதில் சுகிர்தனுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது கேம் தபால் நிலையம். ஓடும் பட்டியில் பொதிகள் வந்துகொண்டேயிருக்கும். சிவப்புப் பொதி என்றால் இடது பக்கம், இல்லாவிட்டால் நேரே; பாரமானது என்றால் கீழே, பாரமும் சிவப்பும் என்றால் வேறு எங்கோ. இந்த விதிகளை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாப் பொதியும் சரியான இடத்துக்குப் போனால் ஒரு நட்சத்திரம். குறைந்த விதிகளில் முடித்தால் மூன்று.

இது சுகிர்தனைப் பிடித்துக்கொண்டது. இப்படியென்றால் இது, இல்லாவிட்டால் அது. அவனுடைய வேலையிலும் நாள் முழுக்க இதுதான். சுவர் சரிவென்றால் அந்தப் பக்கத்தில் வெட்டிய டைல், நேரென்றால் முழு டைல். ஆனால் ஏழாவது கட்டத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு மேல் வரவில்லை. ஒன்பது விதி எழுதியிருந்தான். ஐந்தில் முடிக்கலாம் என்று கேம் சொன்னது.

“இது போதும் அப்பா. அடுத்ததுக்குப் போகலாம்.”

“இல்லை, கொஞ்சம் பொறுங்கோ.”

அன்று அது முடியவில்லை. மிச்சத்தை அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றாள். அந்த வாரம் முழுவதும் மதிய இடைவேளையில் பசை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஏழாவது கட்டத்தோடு மல்லுக்கட்டினான். மதிலோரம் நின்ற யூக்கலிப்டஸ் இலைகள் டேப்லெட்டின் மேல் விழுந்தன. வியாழக்கிழமை, யாரோ ஒருவர் இணையத்தில் விளையாடிக் காட்டியிருந்த விடை கண்ணில் பட்டது. ஐந்து விதிகள். பார்த்து எழுதினான்.

ஞாயிறன்று அதை மகளுக்குக் காட்டியபோது மூன்று நட்சத்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. மயூரா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது நீங்கள் செய்ததோ?”

“ஓம்.”

“ஏன் அப்பா ‘இல்லாவிட்டால்’ என்றதை முதல்ல போட்டனீங்கள்?”

ஏன் அது முதலில் இருக்கிறது என்று அவனுக்கு இப்போதும் விளங்கவில்லை. “அது… அப்பிடிப் போட்டால்தான் சரிவரும்,” என்றான்.

மயூரா பேனையை வைத்துவிட்டாள். முகத்தில் கோபம் ஒன்றுமில்லை. நெற்றியைச் சுருக்கி, ஒரு சின்னக் காயத்தைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். அது தர்ஷனாவின் பார்வை.

“அப்பா, நான் உங்களுக்கு மார்க் போடேல்ல. கேமுக்குத்தான் மார்க். உங்களுக்கு வராட்டி, வரேல்ல எண்டு எழுதினாக் காணும். அதுதான் எனக்கு வேணும்.”

சுகிர்தன் கையால் முகத்தைத் தடவினான். “நெட்டில பார்த்துச் செய்தனான், மயூ. எனக்கு ஒரு ஸ்டார்தான் வந்தது.”

“எப்ப பார்த்தனீங்கள்?”

“வியாழக்கிழமை. லஞ்ச் நேரம்.”

“அதுக்கு முதல் எத்தினை நாள் ட்ரை பண்ணினீங்கள்?”

“நாலு நாள்.”

“நாலு நாளோ?” அவள் கண்கள் விரிந்தன. பேனையை எடுத்து வேகமாக எழுதத் தொடங்கினாள். “அது நல்ல டேட்டா அப்பா.”

அவளுக்குப் பின்னால் யாரோ நடந்து போனார்கள். தோளில் கிடந்த நீலத் துவாய் ஒன்று திரையின் ஓரத்தில் தெரிந்து மறைந்தது. தர்ஷனாவாகத்தான் இருக்கவேண்டும். குழாய் திறந்து மூடிய சத்தம் கேட்டது.

மூன்றாவது கேம் எறும்பு. அந்த கேமில் பேச்சு இல்லை, எழுத்து இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஒரு எறும்பு, ஒரு சீனித் துண்டு, ஒரு புற்று, நடுவில் சந்து பொந்தான வழி. அம்புக்குறிகளை வரிசையாக வைக்கவேண்டும். ஒரு அம்புக்குறியைச் சுற்றி வளையம் போட்டால் அதைத் திரும்பத் திரும்பச் செய்யும். வழி பிழைத்தால் எறும்பு அந்த இடத்திலேயே உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கும்.

முதல் சில கட்டங்கள் சுலபமாகப் போயின. ஆறாவதில் பதினான்கு குறிகள் தேவைப்பட்டன. சுகிர்தன் அடுக்கினான், ஓட்டினான். எறும்பு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. எல்லாக் குறிகளையும் அழித்தான். முதலிலிருந்து அடுக்கினான். இந்த முறை வேறொரு இடத்தில் உட்கார்ந்தது. அழித்தான். அடுக்கினான்.

“அப்பா, ஒரு கேள்வி கேக்கலாமோ? ஹெல்ப் இல்லை, கேள்விதான்.”

“கேளுங்கோ.”

“ஏன் ஒவ்வொரு முறையும் எல்லாத்தையும் அழிக்கிறீங்கள்?”

அவன் அதைக் கவனித்திருக்கவில்லை. “டைல் வேலை அப்பிடித்தான் பிள்ளை. முதல் வரி கோணினால் பிறகு எல்லாம் கோணும். கழட்டிப்போட்டு முதல்ல இருந்துதான் வைக்கவேணும்.”

“இது டைல் இல்லையே,” என்றாள் மயூரா. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். “ஸொரி. அது ஹெல்ப் மாதிரி இருந்தது.”

பிறகு இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சொல்லாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பது சுகிர்தனுக்குத் திரையில் தெரிந்தது. பதினோராவது தடவை அழித்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் காலடி அடையாளம் இருந்தது. அது அலங்காரம் என்று நினைத்திருந்தான். சலிப்பில் அதைத் தொட்டான். எறும்பு ஒரே ஒரு அடி வைத்தது. அதற்குரிய குறி மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தது. மறுபடி தொட்டான். இன்னொரு அடி, இரண்டாவது குறி. மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது குறியில் எறும்பு வலப்பக்கம் திரும்பியது. திரும்பியிருக்க வேண்டியது இடப்பக்கம்.

சுகிர்தன் விரலைத் தூக்கி வைத்திருந்தான். அழிக்கவில்லை. ஒன்பதாவது குறியை மட்டும் மாற்றினான். பிறகு ஓட்டினான்.

எறும்பு சீனியைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குள் போனது. சத்தமில்லை, வாணவேடிக்கை இல்லை. புற்றின் வாசலில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

“மற்றதெல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு,” என்றான் சுகிர்தன்.

மயூரா தொடைக்கடியிலிருந்து கைகளை எடுத்து உதறினாள். கை விறைத்துப் போயிருந்தது. “இருபத்திரண்டு நிமிஷம் அப்பா,” என்றாள் மெதுவாக. அவள் குரலில் இருந்த பெருமை அவனுக்குப் பழக்கமில்லாதது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. டெஸ்டர்கள் தங்களைப் பற்றி எழுதியிருப்பதை வாசித்துச் சம்மதம் சொல்லவேண்டும் என்பது பள்ளி விதி. வேலை முடிந்து தன் வான் வண்டியில் ஏறியவன், எஞ்சினைப் போடாமல் இருந்து வாசித்தான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். படகு கேமில் பிள்ளைகள் சிந்திப்பதை விட்டுவிட்டு ஆந்தையைப் பார்க்கிறார்கள் என்று இருந்தது. தபால் கேம் நல்லது, ஆனால் கவனம் தேவை என்று இருந்தது. அதற்குக் கீழே இப்படி:

‘டெஸ்டர் பி ஒரு கட்டத்தில் நான்கு நாள் முயன்றார். அவர் விட்டுவிடுபவர் இல்லை. ஆனால் ஒரு நட்சத்திரம்தான் வந்தது என்று எனக்குச் சொல்ல வெட்கப்பட்டு, வேறொருவரின் விடையைக் காட்டினார். நான் ஏமாற்றமடைவேன் என்று அவர் நினைத்தார். நான் ஏமாற்றமடைந்திருக்க மாட்டேன். நட்சத்திரம் கொடுக்கும் கேம்களில் சிலர் பிழையை ஒளிக்கப் பழகுகிறார்கள் என்று நினைக்கிறேன்.’

‘எறும்பு கேமில் டெஸ்டர் பி ஒரு பிழை வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். பதினொரு தடவை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓரிரு இடத்தில்தான் பிழை இருந்தது. அடியடியாகப் போய்ப் பார்த்தபோது அவரே அதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு மற்ற ஆறு கட்டங்களிலும் அவர் ஒரு தடவைகூட எல்லாவற்றையும் அழிக்கவில்லை. ஆகவே நான் எறும்பு கேமைச் சிபாரிசு செய்கிறேன்.’

சுகிர்தன் இரண்டாம் தடவை வாசித்தான். முன்கண்ணாடிக்கு வெளியே பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார்கள். அறிக்கையின் கடைசியில் பெற்றோர் கையெழுத்துக்கான இடம் இருந்தது. அதில் தர்ஷனாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அவளும் இதை வாசித்திருக்கிறாள்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அவளை அழைத்தான். கிளென் வேவர்லி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஃபார்மசியில் அவளுக்கு வேலை. ஒன்றிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம் என்பது அவனுக்கு மறக்கவில்லை.

“மயூக்கு ஏதுமோ?” என்றாள் தர்ஷனா எடுத்தவுடனே.

“இல்லை, இல்லை. அவவுக்கு ஒண்டுமில்லை. உம்மோட கதைக்கத்தான் எடுத்தனான்.”

கதிரை இழுபடும் சத்தம். “சொல்லுங்கோ.”

“அந்த வீலர்ஸ் ஹில் வீட்டைப் பற்றி.”

சிட்னிக்கு வருமுன் மெல்பேர்னில் அவன் டைல் பதித்த வீடு அது. அவன் தொடங்கினான். அந்த வீட்டின் மேல்மாடிக் குளியலறைக்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு தரம் பூசவேண்டும். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. அந்த வாரம் முழுக்க மழை. பூச்சு காயவில்லை. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். அவன் தொட்டுப் பார்த்தான், கொஞ்சம் ஒட்டியது, இவ்வளவு காய்ந்தது காணும் என்று நினைத்து அதே பின்னேரம் இரண்டாவதைப் பூசிவிட்டான். நாலு மாதம் கழித்துக் கீழ்க் கூரையால் தண்ணீர் இறங்கியது. வீட்டுக்காரர் அவன் பெயரைப் போட்டுப் படங்களோடு இணையத்தில் எழுதினார். அவன் போய் எல்லாவற்றையும் உடைத்து மூன்று கிழமை இருந்து திரும்பச் செய்து கொடுத்தான். பிறகு மெல்பேர்னில் யாருடைய வீட்டு வாசற்படியும் ஏற அவனுக்குக் கால் வரவில்லை.

“தெரியும்,” என்றாள் தர்ஷனா. “இஞ்ச வேலை செய்யிற பிள்ளை ஒண்டு போனில காட்டினவ. படம் எல்லாம்.”

“தெரியுமெண்டு நீர் சொல்லேல்லையே.”

“நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். ஒரு கிழமை பார்த்தன். பிறகு ஒரு மாசம். பிறகு நீங்கள் சிட்னிக்கு வெளிக்கிட்டிட்டீங்கள்.” கதிரை மறுபடி இழுபட்டது. “பிழை விட்டதுக்கு நான் உங்களை என்ன செய்திருப்பன் எண்டு நினைச்சனீங்கள்?”

சுகிர்தன் வான் கண்ணாடியை இறக்கினான். வானுக்குள் டைல் இடுக்கில் அடைக்கும் கிரவுட்டின் தூசி மணத்தது.

“இவ்வளவு நாளும் அந்தப் பூச்சிலதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்,” என்றான். “நேற்று யோசிச்சுப் பார்த்தன். ஒவ்வொண்டா. அது இல்லை தர்ஷி. பூச்சைத் திருப்பிச் செய்து குடுத்திட்டன். வீட்டுக்காரர் முதல் முதல் போன் எடுத்தது ஒரு புதன்கிழமை. அண்டைக்குப் பின்னேரம் நான் வீட்டை வந்தனான். வேலை எப்பிடி எண்டு நீர் கேட்டனீர். நல்லாப் போச்சு எண்டு சொன்னனான். அந்த இடம்தான்.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான். அழைப்பின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்டைக்கு நீங்கள் சாப்பிடாமல் படுத்தனீங்கள்,” என்றாள் தர்ஷனா. “காய்ச்சலாக்கும் எண்டு நினைச்சு நான் ரசம் வைச்சனான். நெத்தியைத் தொட்டுப் பார்த்தன், சுடேல்ல.”

“முழிச்சுத்தான் இருந்தனான்.”

“அதுவும் தெரியும்.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். “வாறன்,” என்றாள் அவர்களிடம். பிறகு அவனிடம், “வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு மயூ ஸ்கூலில பிரசென்ட் பண்ணுறா. டெஸ்டர்மாரும் வரலாமாம். கேத்ரின் வாறா,” என்றாள்.

“மயூ எனக்குச் சொல்லேல்ல.”

“நீங்கள் வராட்டிக் கவலையாப் போகுமெண்டு சொல்லாமல் விட்டிட்டா. எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருக்கிறீங்கள்.”

அதில் சிரிப்பு இருந்ததா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இருந்ததுபோல்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை விடிய நான்கரைக்கு வானை எடுத்தான். ஹியூம் நெடுஞ்சாலையில் ஒன்பது மணித்தியாலம். பள்ளி நூலகத்துக்குள் அவன் நுழைந்தபோது இரண்டு அடிக்க ஐந்து நிமிடம். சின்னக் கதிரைகளில் பெற்றோர்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷனா பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்திருந்தாள். அவனைக் கண்டதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். இருவரும் முன்னால் பார்த்தார்கள். அவளுடைய காதோரம் இரண்டு மூன்று முடி நரைத்திருந்தது. மயூராவின் காணொளி அழைப்புகளில் அவள் பின்னால் கடந்து போகும்போது அது தெரிந்ததேயில்லை.

மயூரா முன்னால் வந்து, தந்தையைக் கண்டு, ஒரு கணம் சொல்ல வந்ததை மறந்து நின்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். படங்கள் காட்டினாள், நேரக் கணக்குகள் காட்டினாள். எறும்பு கேமைச் சிபாரிசு செய்தாள். அதிலும் ஒரு குறை உண்டு, காலடி அடையாளம் மிகச் சிறியது, அதைப் பெரிதாக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்கத் தன் டெஸ்டருக்கு இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தனும் சிரித்தான்.

கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். டெஸ்டர் பியிடம் கேட்கலாமா என்றாள். டீச்சர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் எழுந்தான்.

“ஏன் நீங்கள் முதலிலேயே உதவி கேட்கவில்லை?” என்றாள் சிறுமி ஆங்கிலத்தில்.

“கேட்டால் எனக்குத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்,” என்றான் சுகிர்தனும் ஆங்கிலத்தில்.

சிறுமி குழம்பிப் போனாள். “ஆனால் உங்களுக்குத் தெரியாது என்பதால்தானே உங்களைத் தெரிவு செய்தார்கள்?”

சுகிர்தன் ஓம் என்று தலையாட்டினான். உட்கார்ந்தபோது தர்ஷனாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் நனைந்திருந்தது.

அன்றிரவு வரவேற்பறை சோபாவில் படுத்தான். சனிக்கிழமை மூவருமாக மார்க்கெட்டுக்குப் போய் வந்தார்கள். பின்னேரம் மயூரா கேத்ரின் வீட்டுக்குப் போனதும், தர்ஷனாவும் அவனும் குசினி மேசையில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு பேசினார்கள். பேச்சு நேராகப் போகவில்லை. ஒரு தரம் அவள் கோபத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனாள். அவன் பின்னால் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்று, பிறகு போனான். இரண்டு வருடம் தனியாகப் பிள்ளையை வளர்ப்பது எப்படி இருந்தது என்று அவள் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

“நார்த்மீடில ரெண்டு வேலை மிச்சம் இருக்கு,” என்றான் கடைசியில். “முடிச்சிட்டு…”

“ரெண்டு மாசம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.”

“இல்லை. ஆகஸ்ட் பதினாறு. சனிக்கிழமை. அதுக்கு முதல் ஒண்டுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை வந்து போவன். வர ஏலாட்டி ஏன் எண்டு சொல்லுவன்.”

அவள் தொலைபேசியை எடுத்து அந்தத் திகதியில் குறித்துக்கொண்டாள். வெண்டிக்காய்ப் பசை திரையில் ஒட்டியது.

ஞாயிறு காலை புறப்பட்டான். மயூரா வான் கண்ணாடிக்குள் தலையை நீட்டி, அவன் கன்னத்தில் முத்தம் தந்துவிட்டு, அடுத்த ஒப்படை மின்சுற்றுகளைப் பற்றியது, அதற்கும் ஒன்றும் தெரியாத ஆள் தேவைப்படும் என்றாள். தர்ஷனா வாசலில் நின்றாள்.

வழியில் யூரோவாவில் பெட்ரோல் அடிக்க நிறுத்தினான். வெளிக்கிடும்போது வானைப் பின்னுக்கு எடுத்தவன், காற்றடிக்கும் இடத்துக் கம்பத்தைக் கவனிக்கவில்லை. சின்னதாக ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தான். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்து நிலத்தில் கிடந்தது. பெரிய சேதமில்லை. யாரும் பார்க்கவுமில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு கடதாசிப் பைக்குள் போட்டான். ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் திறப்பில் கைவைத்தவன் எடுத்துவிட்டு, தொலைபேசியை எடுத்தான்.

“என்னப்பா, அதுக்குள்ள?” என்றாள் தர்ஷனா.

“வானைக் கம்பத்தில அடிச்சிட்டன். பின் லைட் ஒண்டு உடைஞ்சு போச்சு.”

“உங்களுக்கு ஒண்டும் இல்லையே?”

“இல்லை. பார்க்காமல் பின்னுக்கு எடுத்தது. என்ர பிழைதான்.”

“வேற ஏதுமோ?”

“வேற ஒண்டும் இல்லை. சொல்லவேணும் போல இருந்தது.”

மறுபக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடினாள்.

“சரி,” என்றாள். “அங்க ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு மெல்ல ஓடுங்கோ. ஆல்பரியில நிண்டு திரும்பப் போன் எடுங்கோ, நான் வீட்டிலதான் இருப்பன்.”